இந்தோனேசியா றெக்கோட்

"தம்பி, நீர் எந்த வருசம் இந்தோனேசியாவுக்குப் போனனீர்?"

சண்முகநாதன் கேட்ட கேள்வியில் வாகீசன் நீட்டிய வடைத் தட்டு பாதி வழியில் நின்றது.

"நானோ? நான் கட்டுநாயக்கா எயாப்போட்டையே தாண்டேல்லை, மாமா."

இப்போதே 'மாமா' என்றது கொஞ்சம் அவசரம்தான். ஆனால் சாதகம் பொருந்திவிட்டது. காலையில் கீரிமலைக் கோயிலில் பெண்ணையும் பார்த்தாயிற்று. பெண் தர்சினி, ஆறு வருடம் கொழும்பில் சித்தி வீட்டில் இருந்து படித்தவள் என்று தரகர் சொல்லியிருந்தார். விபூதி வாங்கும்போது அவள் ஒருதரம் சிரித்தாள். அதோடு வாகீசனின் கதை முடிந்தது. 'வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ' என்று அம்மா கூப்பிட, தகப்பன் சண்முகநாதனும் மகளும் பண்டத்தரிப்பிலிருக்கும் வாகீசன் வீட்டுக்கு வந்தார்கள். இனி நாள் குறிப்பதுதான் மிச்சம்.

அதற்குள் அந்த மனுசனின் கண் அலுமாரிப் பக்கம் போய்விட்டது.

"அப்ப உது என்ன?" அடுக்கியிருந்த இசைத்தட்டுகளில் ஒன்றை உருவினார். உறையில் நீள முடிக்காரர் நாலு பேர், நடுவில் ஒரு பெண். மேலே ஆங்கிலத்தில் 'இந்தோனேசியா' என்று கொட்டை எழுத்து.

"பாட்டு றெக்கோட், மாமா. எழுபதுகளில அங்க பாடின றொக் பாட்டுகள்."

"எழுபது எண்டுறீர். உறை பளபளவெண்டு புதுசாக் கிடக்கு."

"பாட்டுப் பழசு, றெக்கோட் புதுசு. அந்தக் காலத்துப் பாட்டுகளைத் தேடி எடுத்து இப்ப வெளிநாட்டில திரும்ப அடிச்சு விடுறாங்கள். கனடாவில இருக்கிற அண்ணை வாங்கி அனுப்புறவர்."

"உலகத்தில வேற பாட்டே இல்லையோ?"

"ஒருநாள் போனில தற்செயலாக் கேட்டன். பிடிச்சுப் போச்சு."

சண்முகநாதன் சால்வையால் நெற்றியைத் துடைத்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"அங்க உமக்கு ஆரையும் தெரியுமோ?"

"இல்லை, மாமா."

"அங்க போயிட்டுத் திரும்பி வந்த ஆக்களை?"

"ஒருத்தரையும் தெரியாது."

"ஆரும் உம்மட்டை ஏதும் சொன்னவையோ?"

"என்னத்தை?"

சண்முகநாதன் றெக்கோட்டை மேசையில் வைத்தார். வாகீசன் உறையிலிருந்த பாட்டுக்காரியை ஒருதரம் பார்த்தான். இவளுக்கு இப்போது எழுபது வயதாவது இருக்கும். இவளோடு தன்னைச் சேர்த்து நினைக்கிறாரா இந்த மனுசன்?

அம்மா அவன் காதருகே குனிந்தாள். அம்மாவின் குசுகுசுப்பு பக்கத்து வளவுக்கும் கேட்கும்.

"உண்மையைச் சொல்லடா. வேலை எண்டு ரெண்டு வருசம் கொழும்பில நிண்டனி. கொழும்பில நிக்கிறம் எண்டு சொல்லிப்போட்டுப் படகேறினதுகள் இந்தப் பக்கம் எத்தினை!"

சண்முகநாதனுக்குத் தேநீர் புரைக்கேறியது. தர்சினி எழும்பி வந்து தகப்பனின் தலையில் தட்டினாள். இருமி முடித்ததும் மனுசன் அம்மாவைப் பார்த்தபடி எழுந்தே விட்டார்.

"நாங்கள் வெளிக்கிடுவம், தங்கச்சி. தம்பிக்கு வெளிநாட்டுத் தொடுப்பு ஏதோ இருக்கு. யோசிச்சுச் சொல்லுறம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அம்மாவின் முகம் வாடிப்போனது. வாகீசனுக்கு அழுகையே வரும்போல இருந்தது. செய்யாத குற்றத்துக்கு என்ன சாட்சி காட்டுவது?

"கொஞ்சம் இருங்கோ, மாமா. போட்டுக் காட்டுறன். வெறும் பாட்டு, வேற ஒண்டுமில்லை."

தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தான். கிற்றார் கரகரவென்று எழும்பியது.

"கிறைண்டருக்குள்ள கல்லு விழுந்த மாதிரிக் கிடக்கு," என்றாள் அம்மா. பிறகு அந்தப் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது. "என்னடா பாடுறாள்?"

"எனக்கு ஒரு சொல்லும் விளங்காதம்மா."

"விளங்காத பாட்டையோ பின்னேரம் பின்னேரம் போட்டுக் கேட்கிறனி?"

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் அவனுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. தர்சினியாவது நம்புவாளா என்று திரும்பிப் பார்த்தான். அவள் சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடுகள் அசைந்தன. கோயிலில் இருந்து வந்தவள், தேவாரம் சொல்கிறாள் போல.

"பிள்ளை, வா போவம்," என்றார் சண்முகநாதன்.

அவள் நகரவில்லை.

"'மழை விட்டாப்பிறகு போ, உன்ரை செருப்பு இன்னும் காயேல்லை' எண்டு பாடுறா, மாமி."

அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். "கொழும்பில உந்தப் பாசையும் படிப்பிச்சவையோ, பிள்ளை?"

"தர்சினி..." தகப்பனின் குரல் கெஞ்சியது.

"அவரிலை பழியைப் போட்டிட்டுப் போகேலாது, அப்பா," என்றவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நான் கொழும்பில இருக்கேல்லை, மாமி. ஒஸ்ரேலியாவுக்கெண்டு படகேறி, நடுவழியில பிடிபட்டு, அந்த ஆறு வருசமும் இந்தோனேசியாவில அகதி முகாமில இருந்தனான்."