நாலு மாத வலி

"அபூர்வமா?" கட்டிலருகே உட்கார்ந்திருந்த லிப்ட் மெக்கானிக் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

கட்டிலில் அவன் மனைவி. வலது கால் பலகையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முந்தின நாள் தான் வேலை பார்க்கும் சலவைக்கடையில், தேய்த்து அடுக்கிய துணிக்கட்டோடு சும்மா திரும்பினாள். இடறவில்லை, வழுக்கவில்லை. தொடை எலும்பு தானாகவே முறிந்தது.

இரண்டு வருடம் முன்பு குடலிலிருந்து வெட்டி எடுத்த புற்றுநோய், இப்போது எலும்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப் பரவுவது அபூர்வம் என்றுதான் எலும்பு டாக்டர் ஆரம்பித்தார். அரித்துப்போன பகுதியை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கலாம், நோய் தீராது, ஆனால் வலி குறையும், நடக்கலாம் என்றார். மேற்கொண்டு அவன் பேசவிடவில்லை.

"நாலு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு கத்தினாளே, யார் காதுல விழுந்துச்சு? ஒரு ஸ்கேன் எடுக்கத் துப்பில்ல, இப்ப எலும்பையே வெட்டணுமா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் குரலை உயர்த்தினான். அவன் ஆத்திரத்தில் பொய்யில்லை. தினமும் அந்தக் காலுக்குத் தைலம் தேய்த்தவன் அவன். தேய்க்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தவன்.

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். டாக்டர் கையமர்த்தினார். கேஸ் பைலைப் புரட்டி ஒரு தாளை அவனிடம் நீட்டினார்.

நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. தொடைக்கு உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு வரி: 'நின்றே வேலை பார்ப்பதால் வரும் வலி. ஸ்கேன் வேண்டாம்.'

'கணவர்' என்று போட்டிருந்த இடத்தில் அவன் கையொப்பம்.

தானே எழுதிக் கொடுத்ததை அவன் மறந்தே போயிருந்தான். நர்ஸ் வழக்கம்போல் ஆபரேஷனுக்கான ஒப்புதல் படிவத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"அதை இங்க குடும்மா." மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். "அன்னிக்கும் கால் என்னோடதுதான். உங்கள்ல ஒருத்தராவது என்னைக் கேட்டீங்களா?"

டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல்வரை நடந்தாள். விழுந்தால் தாங்கிக்கொள்ள அவன் இரு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போனான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.