கேட்ட பிறகு

பராமரிப்பாளர் பயிற்சி பலித்ததா என்று பார்க்க வந்த அதிகாரி கட்டிலருகே நின்றார். தேறினால்தான் மயிலாத்தாளுக்கு வேலை நிலைக்கும். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உருட்டினால் எத்தனை கனத்த உடம்பும் இலகுவாகப் புரளும். அது அவளுக்கு முன்பே தெரியும். தொடுமுன் கேட்க வேண்டும் என்பதைத்தான் பயிற்சியில் புதிதாகக் கற்றிருந்தாள்.

"ஐயா, திருப்பிப் படுக்க வைக்கட்டுங்களா?"

பல வருடங்களாகப் படுக்கையில் கிடக்கும் நாச்சிமுத்து அவளை வியப்போடு பார்த்தார். "வேண்டாம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"திருப்பறதப் பாக்கத்தானம்மா வந்தேன். திருப்பாம எப்படி மார்க் போடறது?" என்றார் அதிகாரி.

"வேண்டாங்கறாருங்களே சார்."

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. "இன்னொருக்கா கேளு அம்மிணி."

கேட்டாள். அவர் அவசரமே இல்லாமல் யோசிக்கத் தொடங்கினார்.