விகுதி

“வாம்மா, உக்காரு.”

உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தி, முகத்தில் சிரிப்போடு.

நேர்முகத் தேர்வில் முதல் அபிப்பிராயம்தான் எல்லாம் என்று மகள் காலையில் பாடமே நடத்தியிருந்தாள். கஞ்சி போட்ட இந்தப் பருத்திப் புடவையும் மகள் எடுத்துக் கொடுத்ததுதான். எந்தக் கேள்வி வந்தாலும் சிரிப்பை மட்டும் விட்டுவிடாதே என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

அறைக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. அவளுக்கு முன்னால் தனசீலன் போனபோது உள்ளே பேசியது வெளியே நன்றாகவே கேட்டது.

வாங்க தனசீலன். உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?

தனசீலன் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

சர்க்கரை ஆலையில் சீஃப் கெமிஸ்ட் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவள் அவள்தான். பதவி மட்டும் இன்னும் அவள் பெயருக்கு வரவில்லை. இன்று வர வேண்டும். அதற்காகத்தான் இந்தப் புடவை, இந்தச் சிரிப்பு எல்லாம்.

டைரக்டர் நவநீதன் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவர். பக்கத்தில் மனிதவள அதிகாரி. அவனுக்கு அவள் மகன் வயது.

கரும்பில் சர்க்கரைச் சத்து குறைந்தால் என்னம்மா செய்வே என்று டைரக்டர் கேட்டார். சொன்னாள். அரவைப் பருவத்தில் ஆட்கள் முறைத்துக்கொண்டால் சமாளிச்சுடுவியாம்மா என்றார். போன பருவத்தில் சமாளித்ததையே சொன்னாள். நைட் ஷிப்டுக்கு வீட்ல விடுவாங்களாம்மா?

இந்த ஆலையில் அவள் நைட் ஷிப்ட் பார்க்கத் தொடங்கியபோது இவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

அதற்கும் சிரித்தபடியே பதில் சொன்னாள்.

ஒவ்வொரு கேள்வியின் வாலிலும் ஒரு ‘ம்மா’.

பாசமாம். கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். பெற்ற தாயாக நினைக்கிறோம் என்பார்கள். அப்பாவை ‘நீங்க’ என்றும் அம்மாவை ‘நீ’ என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள் தாயாக நினைத்தால் வேறு எப்படி இருக்கும்?

டைரக்டர் அவளுடைய கோப்பை மூடினார். இவ்வளவுக்கும் அதில் பாதிகூடப் புரட்டவில்லை.

“தனசீலனுக்கு இந்தப் பதவியக் குடுத்தா, அவருக்கு ஒத்தாசையா இருப்பியாம்மா?”

அவருக்கு.

அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன் ‘அவர்’. அவள் ‘ம்மா’.

மகள் சொன்னது நினைவில் இருந்தது. சிரிப்பை விடவில்லை. அவர் கேட்ட அதே கனிவோடு, அதே குரலில் கேட்டாள்.

“முடிவு பண்ணிட்டியாப்பா?”

டைரக்டரின் முகம் சிவந்துவிட்டது.

ஒரே ஒரு ‘ப்பா’. அதற்கே அறை தாங்கவில்லை.

மனிதவள அதிகாரி பதறிப்போய் முன்னால் சாய்ந்தான். மேடம், சார்கிட்ட கொஞ்சம் மரியாதையா பேசுங்க என்றான்.

மேடம். பேசுங்க.

இத்தனை நேரம் எங்கே வைத்திருந்தார்களாம் இதையெல்லாம்?

டைரக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், அழுத்தந்திருத்தமாகச் சொன்னார்.

“நீங்க போகலாம்.”

இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.