கடைசி இடம்

கவுன்சலிங் அரங்குக்கு வெளியே இருந்த திரையில், மகள் ஆசைப்பட்ட கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சமிருந்தது.

“அவ ஒருத்திதாம்பா ரேங்க்ல எனக்கு முன்னாடி. உள்ளே போயிட்டா,” என்றாள் மகள்.

“அவ வேற பிரிவு கேட்டாலும் கேப்பாம்மா.”

“கேக்க மாட்டா. அவளுக்கும் இதுதான் உசிரு. நீங்களாவது வேண்டிக்கோங்களேன்ப்பா.”

அப்பா கண்ணை மூடினார். என்னவென்று வேண்டிக்கொள்வது?

திரையில் ஒன்று பூஜ்யமானது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். அவர் அவளை அணைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. அந்த இடத்தைப் பிடித்தவள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். அதே உயரம், அதே முகம்.

“அப்பா, எனக்குக் கெடச்சிடுச்சு!” என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவருக்கு, யாருக்கு எந்த முகத்தைக் காட்டுவதென்று தெரியவில்லை.