ஏகமனதாக

எழுந்தார்.

மேடையில் தலைவர் மரச்சுத்தியலைக் கையில் எடுத்திருந்தார். இன்னும் சற்று நேரத்தில் உலக வர்த்தகத்தை ஆளும் அமைப்பு பிறந்துவிடும். பிரசவம் பார்க்க நூற்றுச்சொச்சம் நாடுகள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தன.

ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது விதைப் பிரிவு ஒன்றுதான். அது நிறைவேறினால், தன் வயலில் விளைந்ததை அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கும் விவசாயி கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும்.

சபையின் விதி எளிது. அறைக்குள் இருக்கும் ஒரே ஒருவர் மறுத்தாலும் போதும், பிரிவு நின்றுவிடும்.

அறையில் இல்லாதவர், சம்மதித்தவர்.

எழுந்த பிரதிநிதி, மறுப்பதற்கென்றே தன் நாட்டால் அனுப்பப்பட்டவர். ஒரு பக்க உரையை வருடக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதியவர். நேற்று விருந்தில்கூட ஏழு சின்ன நாட்டுப் பிரதிநிதிகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் ஆரம்பித்தால் போதும், பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். ஒருவருக்குக் கண்கூடக் கலங்கியது.

ஒயின் நல்ல ஒயின்.

காலையில் அவர் நாட்டு அமைச்சர் போனில் வந்தார்.

"எதிர்ப்போம்னு பத்திரிகைக்கெல்லாம் சொல்லியாச்சுய்யா. எதிர்த்தா பெரிய நாட்டுக்காரங்க நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. நீ ஒண்ணு பண்ணு. அந்த நேரம் பார்த்து உள்ள இல்லாம இரு. மனுசனுக்கு ஒண்ணுக்கு வராதா?"

வரும்.

மறுப்பவர் உண்டா என்று கேட்பதற்காகத் தலைவர் தொண்டையைச் செருமியபோது, அவர் வரிசையைத் தாண்டிக்கொண்டிருந்தார். முழங்கால்கள் ஒதுங்கி வழிவிட்டன. யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. கம்பளத்தைப் பார்த்தபடியே நடந்தார். நல்ல தடிமனான கம்பளம். நடப்பவரைக் காட்டிக்கொடுக்காது.

அந்த ஏழு பேர் இருக்கிறார்கள், என்று நினைத்துக்கொண்டார். ஒருவராவது எழுந்துவிடுவார். மானஸ்தர்கள்.

மனசு லேசானது.

கழிப்பறைக் கதவைத் தள்ளினார்.

கண்ணாடி முன்னால் ஒருவர் தலை வாரிக்கொண்டிருந்தார். வாருவதற்கு அங்கே ஒன்றுமில்லை. இன்னொருவர் டையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நேற்று கண் கலங்கியவர், ஈரமே இல்லாத கைகளைச் சூடான காற்றில் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏழு பேரும் இருந்தார்கள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. டை கட்டியவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

சுவருக்கு அப்பால் சுத்தியல் விழுந்தது. கைதட்டல் எழுந்தது. ஓய்ந்து, மறுபடி எழுந்தது.

யாரோ குழாயைத் திறந்துவிட்டார்.