எதிர்த்தரப்பு

காட்டின் நீதிபதியான யானை ஓய்வு பெறும் நாள். பாராட்டு விழாவில் நரி, மயில், கரடி என்று ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்து தள்ளினார்கள். யானைக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு அதற்குப் பழக்கமே கிடையாது.

"எதிர்த்தரப்பு யாரும் இல்லையா?" என்று கேட்டது.

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் முயல் எழுந்தது.

"ஐயா, என் வளையைக் கீரிக்குக் கொடுத்தீங்க. நான் பேசி முடிக்கறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிட்டீங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு? உட்காரு!" என்று நரி அதட்டியது.

யானை மேடையை விட்டு இறங்கி, முயலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தது.

"மிச்சத்தைச் சொல்லுப்பா."

முயல் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

"நாளைக்குப் புது நீதிபதிகிட்ட அப்பீல் போடு. சாட்சிக்கு நான் வர்றேன்" என்றது யானை. அதற்குப் பிறகுதான் மாலைக்குக் கழுத்தை நீட்டியது.