பக்கத்து சீட்

குடித்துவிட்டு ஓட்டியதில் துரைச்சிங்கத்தின் லைசென்ஸ் ரத்தானது. ஐம்பது வயதில் மறுபடியும் காரில் எல் போர்டு ஒட்டிக்கொண்டான். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது என்பது விதி. வீட்டில் லைசென்ஸ் இருந்தது மனைவி வடிவிடம் மட்டும்தான். தனக்குத் தெரியாமல் வாங்கினாள் என்று, அது கைக்கு வந்த அன்றைக்கு அவளைப் பெல்ட்டால் அடித்திருந்தான்.

இப்போது எங்கே போனாலும் அவளை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. "நீ ஓட்டுறதுக்கு இல்லட்டி. ஸ்டெப்னி மாதிரி சும்மா கெட" என்று சிரிப்பான்.

ஒரு நாள் பஸ் நிலையத்துக்கு எதிரே சிவப்பு விளக்கில் கார் நின்றது. வடிவு கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏட்டி, எங்க போற?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு."

இதற்கு முன்பும் கிளம்பியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸை முந்திக் காரைக் குறுக்கே நிறுத்தி, முடியைப் பிடித்து இறக்கிக் கொண்டுபோயிருக்கிறான்.

முனையில் நின்ற போக்குவரத்து ஏட்டிடம் வடிவு நின்று நிதானமாகச் சொன்னாள். "ஏட்டையா, அந்த எல் போர்டு வண்டியில லைசென்ஸ் உள்ள ஆளு இறங்கியாச்சு."

ஏட்டு போய்க் கண்ணாடியைத் தட்டினார். "சாவிய எடுங்க அண்ணாச்சி. இனி ஒரு அடி நகந்தா உள்ளதான்."

பின்னால் ஹாரன்கள் அலறின. துரைச்சிங்கம் ஸ்டியரிங்கை விடாமல், வடிவு ஏறிய பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் வாங்கினாள். "டிரைவரை மெதுவாவே போகச் சொல்லுங்க" என்றாள் கண்டக்டரிடம்.